பதிவேட்டில் ஏறும் பெயர்கள்

சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் என்னோடு சேர்ந்துகொண்டார். மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து திரும்பியிருந்தார். சிறிது தூரம் நடந்ததும், "அண்ணாச்சி, நீங்க அந்த செக்‌ஷன்லதான இருந்திய. ஊனமுற்றோர் பணம் வாங்குதவங்க எண்ணிக்கை வருசா வருசம் கூடிக்கிட்டே போகுதே, அவ்வளவு பேருக்கா திடீர்னு கை கால் போச்சு? அமெரிக்காவுலயும் இதே கதைதான்னு மருமகன் சொல்லுதாரு" என்றார். அவர் யாரையும் இழிவாகப் பேசக்கூடியவர் அல்லர். உண்மையிலேயே அறிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். மைதானத்தை இரண்டு முறை சுற்றி முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய விடை என்னிடம் இல்லாததால், வீட்டுக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன்.

நான் வருவாய்த் துறையில் பணியாற்றியவன். மாவட்டத்தின் தென்பகுதியில் ஒரு வட்டத்தில், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரின் கீழ் நான்கு ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் உதவித்தொகை மனுக்கள் அனைத்தும் அந்தப் பிரிவுக்குத்தான் வரும். ஓய்வு பெற்ற பிறகு, திங்கட்கிழமைகளில் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாளுக்கு வருகிறவர்களில் எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். இவ்வளவு காலமும் நான் கண்டதிலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. ஒருவருக்கு ஊனம் ஏற்படுகிற நாளும் அவருடைய பெயர் அரசின் பதிவேட்டில் ஏறுகிற நாளும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே பத்து ஆண்டுகளோ நாற்பது ஆண்டுகளோகூட இருக்கலாம். எண்ணிக்கை கூடுவதைப் பார்க்கிறவர்கள் இரண்டாவது நாளைத்தான் பார்க்கிறார்கள்.

என் தம்பியையே எடுத்துக்கொள்கிறேன். அவன் பிறந்தது 1974-இல். இரண்டு வயதில் காய்ச்சல் வந்து, இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் தெருவுக்கு ஒருவர் இருந்தனர். அவனுக்கு உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம் என்று கிராம அதிகாரி ஒருமுறை வீடு தேடி வந்து சொன்னபோது, "ஊனம்னு எழுதிக் கொடுத்துட்டா நாளைக்கு இவன் தங்கச்சிய யாரு கெட்டுவா?" என்று அம்மா மறுத்துவிட்டாள். அவன் தையல் கற்றுக்கொண்டான். வலது காலால் மட்டுமே எந்திரத்தை மிதித்துப் பிழைத்தான். தங்கையின் திருமணம் முடிந்து, அம்மாவும் காலமாகி, வலது முழங்காலும் தேய்ந்து மிதிக்க முடியாமல் போன பிறகுதான், 2017-இல், தன் நாற்பத்து மூன்றாவது வயதில் அவன் சான்றிதழ் வாங்கினான். அதுவும் உதவித்தொகையை நினைத்து அன்று. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஒன்று கிடைக்கக்கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் மருத்துவர் முன்னால் போய் நின்றான். அரசின் கணக்கில் அவன் 2017-இல் புதிதாகச் சேர்ந்தவன். கால் சூம்பியதோ 1976-இல்.

அந்தப் பதிவேட்டைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இத்தகைய தாமதப் பெயர்கள் அதில் ஏராளம். தேசிய மாதிரி ஆய்வு 2018-இல் நடத்திய கணக்கெடுப்பில், நாடு முழுவதும் மாற்றுத்திறனாளிகளில் 28.8 சதவீதத்தினரிடம் மட்டுமே சான்றிதழ் இருந்தது; அரசிடமிருந்து ஏதாவது ஓர் உதவியைப் பெற்றவர்கள் 21.8 சதவீதம்தான். நூற்றில் எழுபது பேர் கதவுக்கு வெளியே நிற்கும் நிலையில், கதவு சிறிது திறந்தாலே உள்ளே வருகிறவர்களின் எண்ணிக்கை பெருகத்தான் செய்யும்.

கதவு திறந்த விதங்களில் முதன்மையானது சட்டம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றுக்கொண்டது. 2016 டிசம்பரில் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை இருபத்தொன்றாக விரித்தது. தசைச்சிதைவு, மூளை முடக்குவாதம், புற உலகச் சிந்தனையற்ற நிலை என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் ஆட்டிசம், பார்க்கின்சன் நோய், இரத்தம் உறையாமை, தலசீமியா, அமில வீச்சில் சிதைந்தவர்கள் என அந்தப் பட்டியல் நீள்கிறது. நான் பணியில் இருந்தபோது ஒரு தாய் தன் இருபது வயது மகனை அழைத்து வந்தாள். இரத்தம் உறையாத நோய் அவனுக்கு. மூட்டுகளுக்குள் இரத்தம் கசிந்து கசிந்து முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. ஆனால் வந்த அன்று அவன் நடந்து வந்திருந்தான். எந்தக் கட்டத்தில் அவனை எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை, எனக்கு மேலிருந்தவருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு கட்டமே படிவத்தில் இல்லை. திருப்பி அனுப்பினோம். 2018 ஜனவரியில் புதிய வகைகளை அளவிடுவதற்கான வழிகாட்டு நெறிமுறைகள் வெளியான பிறகு அவர்கள் மறுபடியும் வந்தார்கள். இம்முறை கட்டம் இருந்தது. அவன் உடம்பில் எந்த மாற்றமும் இல்லை, படிவம்தான் மாறியிருந்தது.

வரையறை ஓர் எண்ணிக்கையை ஏற்றவும் இறக்கவும் செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2001-இல் நம் மாநிலத்தில் 16.42 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்ததாகக் கணக்கு சொன்னது. 2011-இல் அதுவே 11.79 லட்சமாகக் குறைந்தது. பத்து ஆண்டுகளில் நாலரை லட்சம் பேர் குணமாகிவிடவில்லை. ஒரு கண்ணில் மட்டும் சரியான பார்வை உள்ளவர்களையும் பார்வைக் குறைபாடுடையோராக 2001 கணக்கெடுப்பு சேர்த்திருந்தது. 2011-இல் கேள்விகளும் வரையறைகளும் மாற்றி எழுதப்பட்டன. அதற்குப் பிறகு இன்றுவரை புதிய கணக்கெடுப்பின் விவரம் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, உதவித்தொகை பெறுவோர் பெருகிவிட்டார்கள் என்று சொல்கிறவர் எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாதத் தொகை 2023 ஜனவரி முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது, வருவாய்த் துறை வழியாகப் பெற்றுவந்தவர்கள் 4.39 லட்சம் பேர். கடும் பாதிப்புடையோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தனியே வழங்கும் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வேறு. இருந்தும், சுருங்கிய அந்த 2011 கணக்கில் பாதியைக்கூட 4.39 லட்சம் எட்டவில்லை.

இதோடு சேர்ந்து அட்டையும் வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே தனித்துவ அடையாள அட்டை என்ற முறை வந்து, மத்திய அரசின் திட்டங்கள் பலவற்றுக்கு 2023 ஏப்ரல் முதல் அதன் எண் கட்டாயமாக்கப்பட்டபோது, பழைய அடையாளப் புத்தகத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தவர்கள்கூட சான்றிதழ் முகாமுக்கு வர நேர்ந்தது. பேருந்துச் சலுகைக்காக வந்தவர்களும், பிள்ளையின் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வந்தவர்களும், வந்த இடத்தில் "உதவித்தொகைக்கும் எழுதிப் போடுங்க" என்று யாரேனும் சொல்லக் கேட்டு எழுதிப் போட்டார்கள். உலக வங்கிக் கடனுதவியுடன் மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கிறார்கள். இத்தனை பேர் தேடிப் போனால், மறைந்திருந்தவர்கள் கண்ணில் படுவார்கள். குறிப்பாகப் பெண்கள். எங்கள் பிரிவின் பதிவேட்டில் ஆண்களின் பெயர்களே மிகுதியாக இருந்தன. அதற்குக் காரணம் உடம்பு அன்று, முகாமுக்கு அழைத்துப் போக ஆள் இல்லாததுதான்.

தாமதமாக வந்தவர்கள் ஒருபுறம் இருக்க, உண்மையாகவே புதிதாகச் சேர்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்குத் துயரமும் நிறைவும் சேர்ந்தே வருகின்றன. திசையன்விளைப் பக்கம் பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள், முன்பெல்லாம், கட்டிலில் போட்டபடியே ஓரிரு ஆண்டுகளில் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோவார்கள். பதிவேடு அவர்களைக் கண்டதே இல்லை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. அவற்றில் 17,884 பேர் இறந்தனர். உயிர் பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் சக்கர நாற்காலியில் வீடு திரும்பியவர்கள். ஆய்க்குடி அமர்சேவா சங்கத்திற்குப் போய் வந்த ஒருவரிடம் படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரண்டு படுப்பது, சிறுநீர்க் குழாயைத் தானே எப்படி மாற்றிக்கொள்வது என்று கேட்டுப் பார்த்தால், அவர் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பது விளங்கும். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய மறுவாழ்வு அமைப்பு அது. பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. குறைமாதத்தில் பிறந்து பிழைத்த குழந்தைகளும், சர்க்கரை நோயில் காலை இழந்தும் இதயம் காப்பாற்றப்பட்ட பெரியவர்களும் இதே வரிசையில் நிற்கிறார்கள். சாவின் கணக்கில் குறைந்தது ஊனத்தின் கணக்கில் ஏறியிருக்கிறது.

இங்கே ஒரு கணக்கு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் அதைப் புரிந்துகொண்டவர்கள் மிகக் குறைவு. பதிவேட்டின் நீளத்தைத் தீர்மானிப்பது ஆண்டுதோறும் எத்தனை பேர் சேர்கிறார்கள் என்பது மட்டும் அன்று. சேர்ந்தவர் எத்தனை ஆண்டு அதில் இருக்கிறார் என்பதும்தான். சர்க்கரையால் காலை இழந்து அறுபத்தைந்து வயதில் சேர்கிறவர் ஏழெட்டு ஆண்டுகள் இருப்பார். அறிவுசார் குறைபாட்டோடு பதினெட்டு வயதில் சேர்கிறவர் நாற்பது ஆண்டுகள் இருப்பார். புதிதாகச் சேர்வோரின் எண்ணிக்கை மாறாமலே இருந்தாலும், இளையவர்களின் பங்கு கூடினால் பதிவேடு ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகும்.

பேராசிரியரின் மருமகன் சொன்ன அமெரிக்கக் கதையிலும் இதுவே பெரும்பங்கு வகிக்கிறது. அங்கே வேலை செய்து வரி கட்டியவர்களுக்கான ஊனக் காப்பீடு 1956-இல் சட்டமானது. அதைப் பெற்றுவந்த தொழிலாளர்கள் 1990-இல் ஏறத்தாழ 30 லட்சம், 2000-இல் 50 லட்சம், 2010-இல் 82 லட்சம், 2014-இல் ஏறத்தாழ 90 லட்சம். கேட்டவுடன் திகைப்புத் தரும் எண்கள்தாம். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருந்திரளாகப் பிறந்த தலைமுறை அந்த ஆண்டுகளில்தான் ஐம்பதையும் அறுபதையும் தொட்டது. உடம்பு தளரும் வயது அது. வேலைக்குப் போய்க் காப்பீட்டுத் தகுதி பெற்ற பெண்களும் அப்போதுதான் பெருகினர். 1980-களின் தொடக்கத்தில் மறுஆய்வு என்ற பெயரில் பல லட்சம் பேரை நீக்கி, அதனால் எழுந்த கொந்தளிப்பில் 1984-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மனநோயையும், சிறு சிறு நோய்கள் பல சேர்ந்து ஒருவரை முடக்குவதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றாயிற்று. அதன் வழியே வந்தவர்களில் இளையவர்கள் மிகுதி. அவர்கள் நீண்ட காலம் இருந்தார்கள். 2007 இறுதியில் தொடங்கிய பொருளாதாரச் சரிவில் வேலை இழந்து வேறு வேலை கிடைக்காதவர்களும் விண்ணப்பித்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. முதுகுவலியோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், வேலை போனதும் முதுகுவலியோடு மட்டும் எஞ்சினார். பேராசிரியரிடம் மருமகன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: 2014-க்குப் பிறகு அந்த எண்ணிக்கை இறங்கிவிட்டது, 2022 முடிவில் 76 லட்சம். பெருந்தலைமுறை முதுமை ஓய்வூதியத்துக்கு மாறியது, வேலைகளும் திரும்ப வந்தன.

முதுமை ஓய்வூதியம் என்றதும் நம் ஊரில் பலரும் கவனிக்காத ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் முழு ஓய்வூதிய வயதை 65-இலிருந்து சிறிது சிறிதாக 67-க்கு உயர்த்தும் சட்டம் 1983-இல் வந்தது. அதனால், முன்பு 65 வயதில் ஊனப் பட்டியலிலிருந்து முதியோர் பட்டியலுக்கு மாறியிருக்க வேண்டியவர்கள் மேலும் ஓராண்டோ ஈராண்டோ ஊனப் பட்டியலிலேயே இருந்தார்கள். யாருக்கும் புதிதாக ஊனம் வரவில்லை; பக்கத்துக் கதவு சற்று நகர்ந்தது, அவ்வளவே. நம்மிடம் அந்த நகர்வு வேறு வகையில் நிகழ்ந்தது. 2023 ஆகஸ்டில் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயானது. மாற்றுத்திறனாளிகளுக்கு அதே ஆண்டு ஜனவரியிலேயே 1,500 ஆகிவிட்டது. ஒருவர் இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும். கால் எடுக்கப்பட்ட அறுபத்தெட்டு வயதுப் பெரியவர், இதுவரை 'ஓஏபி' என்னும் முதியோர் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தவர், முந்நூறு ரூபாய் வேறுபாட்டைக் கேள்விப்பட்டு, ஊனச் சதவீதம் போட்டு வாங்க மருத்துவமனைக்குப் போகிறார். ஒரு பதிவேட்டில் ஒரு பெயர் குறைந்து மற்றொன்றில் கூடுகிறது. அவர் இரண்டுக்கும் தகுதியானவர். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

ஏமாற்றே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. ஊனப் பட்டியல் உண்மையிலேயே வேறு எதற்கோ பயன்பட்ட நாடும் உண்டு. நெதர்லாந்தில் 1967-இல் வந்த திட்டம் தொடக்கத்தில் கடைசி ஊதியத்தில் 80 சதவீதம் வரை கொடுத்தது. ஆட்குறைப்பு செய்ய விரும்பிய நிறுவனங்களுக்கும் வேலையை விட்டு விலக விரும்பிய மூத்த தொழிலாளர்களுக்கும் அதுவே எளிய வழியாயிற்று. ஒன்றரைக் கோடி மக்கள் கொண்ட நாட்டில் பயனாளிகள் பத்து லட்சத்தை நெருங்கினார்கள். "நாடு நோயுற்றிருக்கிறது" என்று பிரதமர் லூபர்ஸ் 1990-இல் சொல்லும் அளவுக்கு அது வளர்ந்தது. ஆனால் அங்கே கிடைத்தது ஊதியத்தில் பெரும்பகுதி. இங்கே கிடைப்பது 1,500 ரூபாய். 2024-25-இல் நூறு நாள் வேலையின் நாள் கூலி 319 ரூபாய். ஐந்து நாள் கூலிக்கும் குறைவான ஒரு தொகைக்காக உழைக்கக்கூடியவர் மாதம் முழுவதும் உழைப்பை விட்டுவிடுவார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. போலிச் சான்றிதழ் உருவாவது பரிசு பெரிதாக இருக்கும் இடத்தில், அதாவது அரசு வேலையின் 4 சதவீத இடஒதுக்கீட்டையும் உயர்கல்வியின் 5 சதவீதத்தையும் ஒட்டித்தான். அதைத் தடுக்க வேண்டும், கடுமையாகவே தடுக்க வேண்டும். அதற்காகக் கைத்தடியோடு நிற்கும் கிழவியிடம் நான்காம் முறை சான்று கேட்பது, நோயை ஒரு வீட்டில் வைத்துக்கொண்டு மருந்தை மறு வீட்டில் கொடுப்பதாகும்.

பதிவேடு ஒரு பக்கம் தேய்ந்தும் வருகிறது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டு வகை இளம்பிள்ளை வாதம் யாரையும் தாக்கவில்லை. என் தம்பியின் தலைமுறைதான் அந்த நோயின் கடைசிப் பெருந்தலைமுறை. இன்னும் முப்பது ஆண்டுகளில் 'போலியோ' என்று காரணம் எழுதப்பட்ட பெயர்கள் ஒவ்வொன்றாக இறப்பு என்ற குறிப்போடு நீங்கிவிடும். அந்த இடத்தை முதுமை நிரப்பும். 2011-இலேயே தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், 2021-க்கான கணிப்பு 13.6 சதவீதம். பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட நம் ஊர்களில் இந்த விகிதம் இன்னும் கூடுதலாகவே தெரிகிறது.

பதிவேட்டில் ஏறாமல் போனவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சென்ற திங்கட்கிழமை முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். வயது ஐம்பத்து நான்கு. பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றியவர். நாளொன்றுக்கு ஆயிரம் சுற்றிய கை அது. இப்போது முடக்குவாதத்தில் விரல் மூட்டுகள் வீங்கிக் கோணிவிட்டன. இலையை வெட்டலாம், சுருட்டி மடக்க முடியவில்லை. மருத்துவர் அளந்து 30 சதவீதம் போட்டிருக்கிறார். அளந்ததில் பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை; அளவுகோல் மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதை அளக்கிறது, அந்த விரல்களைக் கொண்டு அவர் என்ன வேலை செய்து பிழைத்தார் என்பதை அளப்பதில்லை. அமெரிக்க முறையில் வயதையும் படிப்பையும் பழைய வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். நம் சதவீதத்தில் அவற்றுக்கு இடமில்லை. மாநிலத் திட்டத்துக்குக் குறைந்தது 40 வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் திட்டத்துக்கோ 80 வேண்டும். அதில் மத்திய அரசு தரும் பங்கு 2012 முதல் 300 ரூபாயிலேயே நிற்கிறது. முதியோர் உதவித்தொகைக்கு அறுபது வயதாக வேண்டும், அதற்கு இன்னும் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன.

"அப்போ எனக்கு எதுலயும் இல்லையா அய்யா?" என்று கேட்டார். மறுமதிப்பீடு கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். மணிக்கட்டையும் சேர்த்துப் பார்த்தார்களா என்பது சான்றிதழில் தெளிவாக இல்லை. அடுத்த முகாமுக்கு இரு கைகளின் எக்ஸ்ரே படத்தையும், பீடித் தொழிலாளர் அட்டையையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு முன்னதாகவே வந்துவிடும்படியும் சொன்னேன், வரிசை நீளமாக இருக்கும்.